விஸ்காம் சேரப் போகிறீர்களா? கேமராவுக்கு முன்னால் ஹெட்போன்

ஜூன் மாதம் வந்தால் சொந்தக்காரர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். “பொண்ணு விஸ்காம் சேர்ந்திருக்கா, என்ன கேமரா வாங்கிக் குடுக்கலாம்?” துறையூரிலிருந்து சென்னைக்கு வந்து விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் என்கிற காட்சி ஊடகப் படிப்பு, படித்தவள் நான். ஒன்பது வருடமாகச் செய்தித் தொலைக்காட்சியில் எடிட்டிங் செய்கிறேன். என் பதிலும் ஒன்றுதான்: முதல் வருடம் கேமரா வேண்டாம். காதை முழுதாக மூடுகிற, வயர் உள்ள ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

படம் கொஞ்சம் ஆடினாலும் இருட்டாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் ரிமோட்டைத் தேடுவார்கள். என் மேஜைக்கு வரும் ஃபுட்டேஜில் நான் மனமில்லாமல் ஒதுக்கி வைப்பவை பெரும்பாலும் ஒலி கெட்டுப்போனவைதான்.

இதை நான் வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருடம், ரேடியோ பாடத்துக்கு ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும். விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போனேன். மீன் எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு அக்கா, கணவர் கடலிலிருந்து திரும்பாத வருடத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். திரும்பி வந்து போட்டுக் கேட்டால் கடல்காற்றும், காலர் மைக் சேலையில் உரசும் சத்தமும்தான். ஹெட்போன் என் பையிலேயே இருந்திருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி போனேன். “அன்னிக்கே அல்லாத்தியும் சொல்லிட்டேனேம்மா” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார். ஆனால் முதல் நாள் தானாக வந்த சொற்கள் வரவில்லை. அவை இன்றுவரை என் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

அதனால் பதிவு செய்யப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். வீட்டுக்குள் என்றால் ஃபேனை நிறுத்தலாமா என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜ் ஓடுகிற அறையை விட்டு வாருங்கள். வெளியே என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தி, வயரை ஒரு சின்ன வளையமாக விட்டு டேப் ஒட்டிவிடுங்கள், உரசல் பெரிதும் குறையும். ஹெட்போன் கடைசிவரை காதில் இருக்கட்டும். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாக எடுங்கள். ஆம்பியன்ஸ் என்போம். இரண்டு வாக்கியங்களை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப அதை விட்டால் வேறு வழி இல்லை.

கேள்வி கேட்பதும் ஒலி வேலைதான். “கஷ்டமா இருந்துச்சாக்கா?” என்றால் “ஆமாம்மா” என்று முடிந்துவிடும். “அன்னிக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கக்கா” என்று கேட்டால் அவர் அந்த நாளுக்குள் போய்விடுவார். பதில் முடிந்தது போலத் தோன்றினாலும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வந்த வரிகளைத்தான் நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். இன்னொன்று, பெரியவர்கள் பேசும்போது “உம்” கொட்டியே வளர்ந்தவர்கள் நாம். மைக்கில் அது அவர் பேச்சின் மேல் ஏறி உட்காரும். தலையை மட்டும் ஆட்டப் பழகுங்கள், கொஞ்ச நாள் பிடிக்கும்.

அன்றைக்கு ராத்திரியே முழுவதையும் கையால் எழுதிவிடுங்கள். அவர் பேசிய தமிழிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

சரி, கேமரா. கல்லூரியில் உங்கள் துறையில் இருப்பதை ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பழகினாலே போதும். கைக்கு வந்ததும் முதலில் ஒன்றைப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் வீடியோவுக்கு நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள். 30 ஃப்ரேம், 1/60 என்று கிடந்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்க வாய்ப்புண்டு. கேமராவின் சின்னத் திரையில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், கம்ப்யூட்டரில் போட்டதும் தெரியும்.

தியரி வகுப்பில் தூங்காதீர்கள். அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் ஹரால்டு லாஸ்வெல் 1948-இல் எழுதிய ஒரு வரியை எல்லோரும் ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்வோம்: யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார். அதை ரேஷன் கடை வாசலில் ஒட்டிய அறிவிப்பின் மேல் வைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கு அந்த அறிவிப்பு எப்படிப் போய்ச் சேர்கிறது, யார் வாயால் சேர்கிறது, வழியில் என்ன மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதினால் அந்த வரி பிறகு மறக்காது. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் போங்கள். 1896-இல் திறந்தது. ஒரே நாளின் நான்கு நாளிதழ்களை எடுத்து, ஒரே சம்பவம் எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்பில் வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழ் தட்டச்சை முதல் செமஸ்டரிலேயே தமிழ்99 முறையில் பழகிவிடுங்கள். செய்தி எழுதித் திருத்தும் டெஸ்க்கில் வேலை கேட்டுப் போகும்போது தெரியும் அதன் அருமை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 பற்றித் தேர்வில் எழுதினால் மட்டும் போதாது. உங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடைக்கு எவ்வளவு செலவானது என்று ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். பதில் தர 30 நாள் அவகாசம். மேல்முறையீடு வரை போனால் மாதங்கள் ஓடிவிடும். அதனால் மூன்றாம் வருட டாக்குமென்டரிக்குத் தேவையானதை இரண்டாம் வருடமே கேட்டு வையுங்கள்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய பெயரைத் தேட வேண்டாம். உங்கள் கையில் வேலை கொடுக்கிற இடமாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், முடித்த வேலையைப் பேசியவரிடம் கொண்டுபோய்க் கேட்க வையுங்கள். இதற்கு மார்க் கிடையாது, ஆனாலும் செய்யுங்கள். என் ஆறு நிமிட நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு மூன்றாம் முறையும் போனேன். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தன் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாதியில் என் கையைப் பிடித்து, “பின்னால கேக்குது பாரு, அது நம்ம ஏலக்காரன் கொரல்” என்றார். நான் தனியாக எடுத்திருந்த அந்த அரை நிமிடம்தான் அது. மறுபடி போடச் சொன்னார்.