கொம்பனி வளரும்போது மெயில் சேவரைத் தெரிவுசெய்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பனி ஐந்து பேராக இருக்கும்வரை ஒரு ஜிமெயில் கணக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். ஆட்கள் இருபதைத் தாண்டினால் போதாது. ஓடர் மெயிலை யார் பார்த்தது, பதில் போனதா, சுன்னாகம் களஞ்சியத்துக்கு லொறி எப்போது வருகிறது என்று ஆளுக்காள் போன் எடுத்துக் கேட்க வேண்டிவரும். வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்தக் கணக்கில் வாடிக்கையாளரின் கடிதங்கள் எல்லாம் கிடக்கும். 2022இல் டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் இருந்து 360ஐத் தாண்டிய பிறகு, ஆள் கணக்கில் மாதாமாதம் டொலரில் கட்ட முடியாமல் திறந்த மூல மென்பொருளை, அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளை, கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். கோண்டாவிலில் இருந்து கொம்பனிகளுக்கு மெயில் சேவரை, அதாவது மெயிலை அனுப்பி, வாங்கி, வைத்திருக்கும் கணினியை, அமைத்துக்கொடுக்கும் நான் அவர்களுக்குச் சொல்லும் ஒழுங்கு இது.

பெயர்ப் பட்டியலை வைத்து ஒப்பிடத் தொடங்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் பல தொகுப்புகளுக்கு உள்ளே ஓடுவது ஒன்றேதான்: மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்திருந்து கொடுக்க டவ்கொட். இரண்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அடிபட்டுத் தேறியவை. வேறுபாடு கலண்டரிலும், போனோடு சேர்ந்து ஓடுவதிலும், நிர்வாகப் பக்கத்திலும்தான் இருக்கிறது. ஆகவே அவற்றைத்தான் வடிவாகச் சோதிக்க வேண்டும்.

கலண்டருக்கு நான் வைக்கும் சோதனை இது. எங்கள் ஏற்றுமதிக்காரருக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஆட்கள் இருப்பார்கள். ரொறன்ரோ நேரம் காலை 9 மணிக்கு வாராந்தக் கூட்டம் ஒன்றை ஆண்டு முழுவதற்கும் பதியுங்கள். கோடையில் அது இங்கே மாலை 6.30க்கு வரவேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே மணிக்கூட்டை மாற்றிய பிறகு 7.30க்கு நகரவேண்டும். லண்டனில் ஒரு கிழமை முன்னரே, ஒக்டோபர் கடைசி ஞாயிறு மாற்றிவிடுவார்கள்; அந்த இடைப்பட்ட கிழமையையும் பாருங்கள். உலாவியில் சரியாக இருந்தால் போதாது, முதலாளியின் ஐபோனிலும் கணக்காளரின் அண்ட்ரொயிடிலும் அதே நேரம் தெரியவேண்டும். கலண்டரைச் சேவரோடு ஒத்திசைக்கும் கால்டாவ் முறையை ஐபோன் நேரடியாக ஏற்கும். அண்ட்ரொயிடுக்கு டாவ்எக்ஸ்ஃபைவ் போன்ற ஒரு செயலி வேண்டும். அவுட்லுக்கை விடமாட்டேன் என்பவர்கள் இருந்தால் அதை முதல் நாளே கேட்டு எழுதிவையுங்கள், ஏனென்றால் அவுட்லுக் கால்டாவைத் தானாக ஏற்காது. செருகி ஒன்று போடவேண்டும், அல்லது அக்டிவ்சிங்க் (மெயில், கலண்டர், முகவரிகளை ஒன்றாக ஒத்திசைக்கும் இன்னொரு முறை) தரும் சேவர் வேண்டும்.

அடுத்தது தமிழ். தலைப்பிலும் உள்ளேயும் தமிழ் உள்ள மெயில்களை அனுப்பி, "ஒடியல்", "மிளகாய்த்தூள்" என்று தேடிப் பாருங்கள். தமிழ்ப் பெயர் வைத்த கோப்பை இணைத்து, இறக்கும்போது பெயர் கேள்விக்குறியாகிறதா என்று கவனியுங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் மட்டும் எந்த மென்பொருளிலும் தமிழில் தேடினால் அகப்படா. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால்தான் வழி. எங்கள் அலுவலகங்களில் அப்படிப்பட்டவை கனக்க இருக்கின்றன.

இப்போது பெயர்களுக்கு வரலாம். இருபது முதல் நூறு பேர்வரை உள்ள கொம்பனிக்கு நான் முதலில் எடுப்பது மெயில்கவ். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட், கலண்டருக்கும் முகவரிப் புத்தகத்துக்கும் சோகோ, குப்பை மெயிலைத் தடுக்க ஆர்ஸ்பாம்டி எல்லாம் ஒன்றாக டொக்கரில் (மென்பொருள்களைத் தனித்தனிக் கொள்கலன்களாக ஓட்டும் முறை) வரும். சோகோவில் அக்டிவ்சிங்க் இருப்பதால் போன் பிரச்சினை பாதி தீரும். குறைந்தது 6 ஜிபி நினைவகம் கேட்கும். அதற்குக் கீழே வைத்துத் திணறவிடாதீர்கள். டொக்கர் பழக்கமில்லாத லினக்ஸ்காரர் ஒருவரே உங்களிடம் இருந்தால் ஐரெட்மெயில் நல்லது. ஆனால் அதன் இலவசப் பதிப்பில் நிர்வாகப் பக்கம் சுருக்கமானது, கூடிய வசதிக்குப் பணம் கட்டவேண்டும். நெக்ஸ்ட்க்ளவுட் கோப்புப் பகிர்வுக்கும் கலண்டருக்கும் அருமையானது; ஆனால் அது மெயில் சேவர் அல்ல, வேறிடத்தில் உள்ள பெட்டியைத் திறந்து காட்டும் பக்கம் மட்டுமே அதில் உண்டு. இதைத் தெரியாமல் பலர் குழம்புகிறார்கள்.

ஸிம்ப்ரா என்ற மெயில் சேவர்த் தொகுப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். ஒரு காலத்தில் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொன்ன பெயர் அது. நிறுவத் தயாரான நிலையில் இலவசமாக வந்த கடைசிப் பதிப்பு 8.8.15. 2020இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து மூலநிரல் மட்டும்தான் கிடைத்தது, அதை நாமே தொகுத்தெடுக்க வேண்டும். 8.8.15க்கான ஆதரவும் 2023 முடிவோடு நின்றது. இடையில், 2022இல், அதன் பாதுகாப்பு ஓட்டைகள் வழியாக உலகெங்கும் சேவர்கள் தாக்கப்பட்டன. மூலநிரல் திறந்திருப்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. இற்றைப்படுத்தல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அதை யார் தருகிறார்கள், வேண்டாம் என்றால் பெட்டிகளை ஐமேப் (சேவரில் உள்ள மெயிலை வேறு மென்பொருள்கள் வாசிக்கும் பொதுமுறை) வழியாக அப்படியே வெளியே எடுக்கலாமா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் கைவையுங்கள்.

சேவரை அலுவலக அறைக்குள் வைக்காதீர்கள். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. கரண்ட் இருந்தாலும், சாதாரண இணைய இணைப்பின் ஐபி முகவரியில் இருந்து போகும் மெயிலைப் பெரிய சேவைகள் நம்புவதில்லை. வாடகைச் சேவர் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மெயில் சேவர்கள் ஒன்றுக்கொன்று பேசும் 25ஆம் துறை திறந்திருக்கிறதா, ஐபி முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் தலைகீழ்ப் பெயர்ப் பதிவை எங்கள் பெயருக்கு வைக்கலாமா. பல பெரிய கிளவுட் சேவைகள் 25ஐ மூடியே வைத்திருக்கின்றன. அதன் பிறகு, மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் உங்கள் டொமைனில் (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) இருக்கவேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இவற்றில் இறுக்கமாகிவிட்டன. இவை இல்லாமல் அனுப்பும் விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குள் போகக்கூடும்.

பிரதியெடுப்பில் ஒரு நுணுக்கம். மெயில்கவ் மெயில்களைப் பூட்டி வைக்கிறது. திறப்பு வேறொரு தொகுதியில் இருக்கிறது. மெயில் கோப்புறையை மட்டும் பிரதியெடுத்தால் பின்பு எதையும் வாசிக்க முடியாது. அதன் சொந்தப் பிரதியெடுப்பு நிரலில் எல்லாவற்றையும் எடுக்கும் தெரிவைப் போட்டு, வேறொரு கணினியில் மீட்டும் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், அந்தப் பிரதி யாருடைய மேசை லாச்சியில் கிடக்கிறது என்பதும் முக்கியம்.

மாற்றத்தை ஒரே இரவில் செய்யவேண்டாம். கணக்குப் பகுதியில் இருந்து இரண்டு மூன்று பேரைப் புதிய சேவரில் ஒரு மாதம் பழகவிடுங்கள், பரீட்சைக்கென்று ஒரு துணை டொமைனில். பழைய பெட்டிகளை மெயில்கவ்வின் ஒத்திசைவுப் பணி இரவில் இழுத்துக்கொண்டிருக்கட்டும். மெயில் எந்தச் சேவருக்குப் போகவேண்டும் என்று சொல்லும், டொமைனின் எம்எக்ஸ் பதிவை ஒரு வெள்ளி மாலை மாற்றினால் சனி, ஞாயிறு சரிபார்க்கக் கிடைக்கும். பழைய சேவைக்கான கட்டணத்தை மேலும் ஒரு மாதம் கட்டி வையுங்கள். பிந்தி வரும் மெயில்கள் அங்கே விழும்.