மலையகத்தில் வாவிக்கரைக் கல்யாணம்: இடம் பார்ப்பது எப்படி?

கடற்கரையில் மணவறை போட்டு எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "நாமும் தண்ணீர் ஓரத்தில் வைப்போமா?" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது தோட்டங்களிலும் இருக்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். நுவரெலியாவில் கிரகரி வாவி, நோர்வூட் பக்கம் காசல்ரீ, மஸ்கெலியாவில் மவுசாக்கலை, தலவாக்கலையில் மேல் கொத்மலை என்று நமக்கும் கரைகள் உண்டு. ஆனால் கடற்கரைக்குச் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் பொருந்தும். மழை, பனி, ஏறி இறங்கும் நீர்மட்டம், குளவி என்று நம் மலைக்கே உரிய விஷயங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படி 1: பஞ்சாங்கத்தோடு மழையையும் பாருங்கள்

ஐயரிடம் நாள் குறிக்கப் போகும்போதே இதைப் பேசிவிடுங்கள். தை, மாசியில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழை குறைவு. ஆனால் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். பட்டுச்சேலையோடு பொண்ணை அந்தக் குளிரில் உட்கார வைக்காதீர்கள். காலை 9 மணிக்குப் பிறகு வரும் முகூர்த்தமாகக் கேளுங்கள். பங்குனியில் முன்பகல் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடியோடு மழை வரலாம். சித்திரையில் நுவரெலியா 'சீசன்'. வாவியைச் சுற்றி ஊரே கூடியிருக்கும், தங்குமிட வாடகையும் ஏறிவிடும்.

வைகாசிக் கடைசி முதல் ஆவணி முடியும்வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் திறந்தவெளிக் கல்யாணமே வேண்டாம் என்பேன். தென்மேல் பருவமழை அந்தச் சரிவில்தான் கொட்டும். அந்த நாட்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை குறைவாக இருக்கும், காற்றுதான் பலமாக அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு எச்சரிக்கை வரும் காலம் என்பதால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பைக் கேட்காமல் உறவினரை மலைப்பாதையில் வரச் சொல்லாதீர்கள். மார்கழிப் போயா (பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வார இறுதியில் ஹட்டன், மஸ்கெலியா பாதை வாகனத்தால் நிறைந்துவிடும்.

படி 2: கரை யாருடையது என்று கேளுங்கள்

கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் அமைக்கப்பட்டது. அங்கே அனுமதிக்கு மாநகர சபைக்குப் போக வேண்டும். காசல்ரீயும் மவுசாக்கலையும் மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். அங்கே ஒரு துண்டுக் கரை மின்சார சபையுடையதாகவும், அடுத்த துண்டு தோட்டத்துடையதாகவும் இருக்கலாம். கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் யாரிடம் போவது என்று சொல்வார். எந்த இடமானாலும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனி. ட்ரோன் பறக்கவிடவும் அனுமதி வேண்டும்.

படி 3: முகூர்த்த நேரத்திலேயே போய் நில்லுங்கள்

இதுதான் முக்கியமான படி. கல்யாணம் காலை 9 மணிக்கென்றால் காலை 9 மணிக்கே போங்கள். மதியம் பார்த்த இடம் காலையில் மூடுபனிக்குள் கிடக்கும்.

முதலில் மண்ணைப் பாருங்கள். வரண்ட காலத்தில் நீர்த்தேக்கம் இறங்கியதும் அகலமான கரை வெளியே தெரியும். மேலே வெடித்துக் காய்ந்து கெட்டியாகத்தான் இருக்கும். குதிகாலால் அழுத்துங்கள்: ஓடு உடைந்து கீழே ஈரச்சேறு பிதுங்கினால் அங்கே பந்தல் கால் நிற்காது, ஓடி விளையாடும் பிள்ளைகளும் புதைவார்கள். புல் முளைத்த மேட்டுக்கு மேலே இடம் பாருங்கள். மவுசாக்கலையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரியும். படத்துக்கு அழகாக இருக்கிறதென்று அதன் பக்கத்தில் மேடை போட வேண்டாம். நம் பெரியவர்கள் கும்பிட்ட சாமி இருந்த இடம் அது. அணைக்குக் கீழே உள்ள ஆற்றங்கரையை அறவே விட்டுவிடுங்கள். மழைநாளில் வான்கதவு திறந்தால் தண்ணீர் சட்டென்று ஏறும்.

பிறகு அண்ணாந்து பாருங்கள். பெரிய மரத்திலும் பாறை இடுக்கிலும் குளவிக்கூடு தொங்குகிறதா? கொழுந்து பறிக்கும் அம்மாமார் எத்தனை பேர் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததில்லை. ஓமப்புகையும் பட்டாசும் கூட்டைக் கலைத்துவிடும். கூடு தெரிந்தால் வேறு இடம் பாருங்கள், அதில் பேச்சே வேண்டாம். அந்தப் பக்கம் வேலை செய்பவர்களிடமும் விசாரியுங்கள். அவர்கள் கண்ணுக்குப் படுவது நமக்குப் படாது.

ஒரு ஊதுபத்தி கொளுத்திக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து, ஓமப்புகை சபைக்குள் போகாதபடி மணவறையைத் திருப்புங்கள். மேளத்தையும் மறக்காதீர்கள். ஈரக்காற்றில் தவில் தோல் தளர்ந்துவிடும், கொஞ்சம் கூரை வேண்டும். தப்பு (பறை) மேளம் வைப்பதென்றால் அதைக் காய்ச்சத் தீ மூட்டவேண்டும். காற்று மறைவான ஓரத்தில், பந்தல் துணிக்குத் தள்ளி, அதற்கென்று ஒரு இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

படி 4: வருகிறவர்கள் வசதி

பஸ்ஸும் வேனும் திரும்ப இடமிருக்கிறதா, பாட்டிமார் படியில்லாமல் இறங்கலாமா, கழிவறை எத்தனை என்று எண்ணுங்கள். தண்ணீர் ஓரத்தில் கயிறு கட்டி, நீந்தத் தெரிந்த இரண்டு பேரை நிறுத்துங்கள். சமையல்காரரிடம் நேரம் கூட்டிச் சொல்லுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுக்கும்.

என்னைக் கேட்டால், நூறு பேருக்குள் என்றால் காசல்ரீக் கரை. அதற்கு மேலென்றால் வாகன வசதியுள்ள கிரகரி வாவிப் பக்கம், படகுகளின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: மழைக்கு ஒரு மண்டபம்

கரையிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு மண்டபத்தையோ கோயில் கூடத்தையோ பேசி வையுங்கள். எத்தனை மணிக்குள் மாற்றலாம், முற்பணம் திரும்புமா என்பதை அப்போதே கேளுங்கள். அழைப்பிதழில் இரண்டு இடத்தையும் அச்சிடுங்கள். வானம் மூடினால் விடியற்காலையிலேயே இரு வீட்டாரும் பேசி, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வேன் சாரதிகளுக்கும் எந்த இடமென்று சொல்லிவிடலாம்.