பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்: எட்டுப் பெயரையும் மனப்பாடம் செய்தாயிற்று, இனி?

ஆங்கிலச் சொற்களின் எட்டு வகைகள்: நவுன் (பெயர்), ப்ரொநவுன் (பிரதிப்பெயர்), வெர்ப் (வினை), அட்ஜெக்டிவ் (பெயரை விவரிப்பது), அட்வெர்ப் (வினையை விவரிப்பது), ப்ரிபொசிஷன் (முன்னிடைச்சொல்), கன்ஜங்ஷன் (இணைப்புச் சொல்), இன்டர்ஜெக்ஷன் (வியப்புச் சொல்). இந்த எட்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று கேட்டால்தான் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. காரணம், சொல்லை மட்டும் தனியே பார்ப்பது. தமிழில் 'தண்ணீர்' எங்கே வந்தாலும் பெயர்தான். வினை வேண்டுமென்றால் 'பாய்ச்சு' என்று வேறு சொல் போட வேண்டும். ஆங்கிலத்தில் சொல் உட்காரும் இடம்தான் வகையைத் தீர்மானிக்கும்.

நீலகிரியில் கேத்திப் பக்கத்துக் கேரட் தோட்டத்துக்குப் பொருந்தும் ஒரு வாக்கியம்:

வீ வாட்டர் தி கேரட்ஸ் வித் ஸ்ட்ரீம் வாட்டர்.

'வாட்டர்' இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒரே வகை இல்லை.

படி 1: முதலில் வெர்பைப் பிடியுங்கள். முன்னால் 'யெஸ்டர்டே' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: 'யெஸ்டர்டே வீ வாட்டர்ட் தி கேரட்ஸ் வித் ஸ்ட்ரீம் வாட்டர்.' மாறிய சொல் வெர்ப். இரண்டாவது 'வாட்டர்' அசையவில்லை, அது நவுன். 'கட்', 'புட்' போன்றவை இறந்த காலத்திலும் மாறாது. அங்கே 'டுமாரோ' போடுங்கள். 'வில்' எந்தச் சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கிறதோ அது வெர்ப்.

படி 2: 'எ', 'அன்', 'தி', 'மை' வந்தால் பின்னால் ஒரு நவுன் உண்டு. ஆனால் அடுத்த சொல்லே நவுன் என்று நினைத்துவிட வேண்டாம். 'தி ஓல்டு ப்ளூ ட்ரெயின்' என்பதில் கொத்தின் கடைசிச் சொல்தான் நவுன்.

படி 3: 'ஸ்ட்ரீம்' என்ன வகை? தண்ணீரை விவரிப்பதால் அட்ஜெக்டிவ் என்று தோன்றும். 'வெரி' சேர்த்துப் பாருங்கள். 'வெரி கோல்டு வாட்டர்' சரி. 'வெரி ஸ்ட்ரீம் வாட்டர்' ஒட்டவில்லை. ஆகவே அது நவுன்தான், அட்ஜெக்டிவ் வேலையைப் பார்க்கிறது. 'டீ எஸ்டேட்', 'கேரட் ஃபீல்டு' எல்லாம் இதே கணக்கு. தேர்வில் 'நவுன் யூஸ்டு ஆஸ் அன் அட்ஜெக்டிவ்' என்று முழுதாக எழுதுவது பாதுகாப்பு.

படி 4: 'லி'யில் முடிந்தால் அட்வெர்ப் என்ற சூத்திரத்தை நம்பவே நம்பாதீர்கள். மலையில் தினமும் வாயில் வரும் 'ஹில்லி' (மலைப்பாங்கான), 'சில்லி' (குளிரான) இரண்டும் அட்ஜெக்டிவ். 'ஷி ஒர்க்ஸ் ஹார்டு' என்பதில் 'ஹார்டு' அட்வெர்ப்; 'ஹார்ட்லி' என்று மாற்றினால் அவள் வேலையே செய்வதில்லை என்பது போல ஆகிவிடும்.

படி 5: அதிகம் பேர் சறுக்கும் இடம் ப்ரிபொசிஷன். நமக்கு 'ஊட்டியில்', 'ஊட்டிக்கு' என்று உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நீலகிரியின் படுகு மொழி பேசுவோருக்கும் அப்படியே. ஆங்கிலத்தில் அது தனியே முன்னால் நிற்பதால் கண்ணில் படாமல் போகிறது.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை; ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். 'தி எஞ்சின் இஸ் பிஹைண்ட் தி கோச்சஸ்': 'பிஹைண்ட்' தனக்குப் பின் ஒரு நவுனைப் பிடித்திருக்கிறது, அதனால் ப்ரிபொசிஷன். 'தி எஞ்சின் ஸ்டேய்ட் பிஹைண்ட்': பிடிக்க எதுவும் இல்லை, அதனால் அட்வெர்ப்.

இதோடு நிறுத்தினால் 'ஷி புட் ஆன் ஹெர் ஸ்வெட்டர்' கவிழ்த்துவிடும். 'ஆன்' பின்னால் நவுன் இருக்கிறதே? நகர்த்திப் பாருங்கள்: 'ஷி புட் ஹெர் ஸ்வெட்டர் ஆன்.' நகர்கிறது, எனவே அட்வெர்ப். 'ஷி சாட் ஆன் தி வால்' (சுவரில் உட்கார்ந்தாள்) என்பதில் 'ஆன்' நகராது; 'ஷி சாட் தி வால் ஆன்' என்று யாரும் சொல்வதில்லை. அது ப்ரிபொசிஷன்.

கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் இரண்டிலும் பெரிய சிக்கல் வராது.

கருவி என்றால் பென்சிலும், ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி ஒரு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியும் போதும். அதில் சொல்லின் ஒவ்வொரு வகைக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். மொழிபெயர்ப்பு ஆப் பொருளைச் சொல்லும். வகையைத் தேட அதை நாடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: 'ப்ளக்கிங்' (இலை பறித்தல்) நவுனா, வெர்பா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்த இடத்தில் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ப்ளக்கிங் இஸ் ஹார்டு' என்பது 'இட் இஸ் ஹார்டு' ஆகும், எனவே நவுன். 'ஷி இஸ் ப்ளக்கிங் லீவ்ஸ்' என்பதில் 'இட்' பொருந்தாது, அது வெர்ப்.

பின்சேர்க்கை 2: 'மை' ப்ரொநவுனா? பழைய பள்ளி இலக்கணங்கள் பொசெசிவ் அட்ஜெக்டிவ் என்று சொல்லும். இப்போதைய புத்தகங்கள் பல டிட்டர்மினர் என்று தனி வகையாக வைக்கின்றன. உங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். 'மைன்' மட்டும் எல்லாவற்றிலும் ப்ரொநவுன்தான்.