பிரெஞ்சுச் சொல்லை முதலில் அசை பிரியுங்கள், பிறகு வாசியுங்கள்

புதிய பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்தவுடன் வாய்விட்டுப் படிக்காதீர்கள். பென்சிலால் அசை பிரியுங்கள். எந்த அசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே பல எழுத்துகளின் ஒலி மாறும்.

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால், அது பின் அசைக்குப் போகும்: அ-மி (நண்பன்). இரண்டு மெய் இருந்தால் நடுவில் வெட்டுங்கள்: பர்-திர் (புறப்படு). இரண்டாவது மெய் ஆர் அல்லது எல் என்றால் பொதுவாக வெட்டக் கூடாது: அ-ப்ரே (பிறகு). ஆனால் ஆர், எல் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பிரியும்: பர்-லே (பேசு). சி-எச், பி-எச், ஜி-என் ஜோடிகள் ஒரே மெய்க்குச் சமம்.

இரட்டை மெய்யை எழுத்தில் வெட்டினாலும் ஒரு முறைதான் ஒலிக்க வேண்டும். 'அம்மா'வில் அழுத்துவதுபோல் அழுத்துவது நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை.

இனி மேலே குறி எதுவும் இல்லாத ஈ (e) எழுத்து. அசை மெய்யில் முடிந்தால் அது 'எ': மெர்-ஸி (நன்றி). அசை அந்த ஈ-யிலேயே முடிந்தால், உதட்டைக் குவித்துச் சொல்லும் மங்கலான 'அ'. சிறியது என்று பொருள்படும் 'ப-தி'யின் முதல் அசை அப்படிப்பட்டது. சொல்லின் கடைசியில் தனித்து நிற்கும் ஈ பெரும்பாலும் ஒலிக்காது.

அசை பிரிப்பின் முழுப் பயனும் என், எம் எழுத்துகளில் தெரியும். அவை உயிருக்குப் பின் அதே அசையில் நின்றால், மெய் மறைந்து உயிர் மூக்கொலியாகும். பேச்சில் 'மரம்' என்பதன் கடைசி அசை எப்படி மூக்கில் முடிகிறதோ, அப்படி. நாக்கு மேலே தொட்டால் தவறு. எதிர்மறை முன்னொட்டு (in-, im-) ஒன்றுதான், ஆனால் 'முடியாதது' எ(ம்)-போ-ஸிப்ல் (அடைப்புக்குள் இருப்பது மூக்கொலி மட்டுமே), 'செயலற்றது' இ-நக்-திஃப். இரண்டாவதில் என் அடுத்த அசைக்குப் போய்விட்டதால் மூக்கொலி இல்லை. இரட்டை என், எம் வந்தாலும் பெரும்பாலும் இல்லை: ஆண்பால் 'நல்ல' போ(ன்), பெண்பால் பொன்.

சொல் இறுதி மெய்கள் பெரும்பாலும் ஊமை. சி, ஆர், எஃப், எல் பல சொற்களில் ஒலிக்கும். ஆனால் வினைச்சொல் முடிவான ஈ-ஆர் 'ஏ' ஆகும். மேலே உள்ள பர்-லே (parler) அதற்குச் சான்று.

வாக்கியத்தில் அசை சொல்லெல்லையை மதிக்காது. 'லே' (பன்மைச் சுட்டு), 'அமி' சேரும்போது ஊமை எஸ் உயிர்பெற்று, இசட் ஒலியாக அடுத்த அசையில் ஏறும். 'லேஸ்' என்று நிறுத்திவிட்டு 'அமி' என்று தொடங்காதீர்கள். அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் மட்டும். மற்ற அசைகளைச் சம நீளத்தில் சொல்லுங்கள்.