ஏலகிரில டெண்ட் போடப் போறீங்களா, பெட்ஷீட்ட நம்பாதீங்க

வேலூர் வெயில்ல காஞ்சவங்களுக்கு ஏலகிரின்னு சொன்னாலே ஜில்லுனு இருக்கும், ஆனா அந்த ஜில்லு தான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள தூங்க விடாது, நம்மாளுங்க பெட்ஷீட் ஒண்ண எடுத்துக்கினு கெளம்பிடறாங்க.

மொதல்ல எடம். புங்கனூர் ஏரில போட்டிங் போலாம், பார்க்குல உக்காரலாம், கரையில டெண்ட் போடற கனவ விட்ருங்க. காட்டுக்குள்ள இஷ்டத்துக்குப் போடறதும் வேணாம், அனுமதி இல்லாம ரிசர்வ் ஃபாரஸ்ட்ல நுழையறது குத்தம். அத்தனாவூர், நிலாவூர் பக்கம் தனியார் எடம் பாருங்க, போன்லயே பாத்ரூம் கீதா, டெண்ட் அவங்களுதா நம்மளுதான்னு கேட்டுடுங்க.

வாணியம்பாடிலேர்ந்து திருப்பத்தூர் ரோட்ல பொன்னேரி வந்து திரும்பணும். அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் கம்பர், கபிலர், பாரி, ஓரின்னு பேரு வெச்சிருக்காங்க, பின் சீட்டு பசங்க பேர படிச்சிக்கினே வாந்தி எடுக்கும், அதனால ஆம்பூர்ல பிரியாணிய பார்சல் கட்டிக்குங்க, மேல போய் சாப்டுக்கலாம். நாலு மணிக்குள்ள சேர்ந்துடுங்க, இருட்டுல டெண்ட் போடறது பேஜாரு.

டெண்ட்டுக்கு அடியில விரிக்கற தார்ப்பாய் இருக்கே, அதுல தான் நான் மாட்டுனேன். பெருசா இருந்தா நல்லதுன்னு டெண்ட்ட விட ஒரு முழம் வெளிய நீட்டி விரிச்சிட்டேன், ராத்திரி சின்ன தூறல் தான், நீட்டுன எடத்துல விழுந்த தண்ணி எல்லாம் அடியில ஓடியாந்து முதுகு நனைஞ்சிடுச்சி, என் மச்சான் மேல ஓட்டன்னு டார்ச் அடிச்சி தேடிக்கினு இருந்தாரு. தார்ப்பாய் டெண்ட்ட விட நாலு வெரல் உள்ள மடிஞ்சி இருக்கணும். எடம் கொஞ்சம் மேடா பாருங்க, பள்ளத்துல தான் குளிர் வந்து தங்கும். முளைய டெண்ட்டுக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சி அடிக்கணும், அடியில பாறை இருந்து எறங்கலன்னா கயித்த ஒரு பெரிய கல்லுல கட்டிடுங்க. குளிருதுன்னு ஜன்னல் வலைய மொத்தமா மூடிட்டா நம்ம மூச்சே தண்ணியா சொட்டும், ஒரு பக்கம் தொறந்தே இருக்கட்டும். போர்வைய விட கீழ போடற மேட் தான் முக்கியம், தரை தான் சூட்ட உறிஞ்சும்.

நெருப்பு எடத்துக்காரர் காட்டுன எடத்துல மட்டும் தான், மாசிக்கு மேல புல்லு எல்லாம் காஞ்சி கெடக்கும், 2018 மார்ச்சுல தேனி குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீல மாட்டுனது மறந்திருக்காது. தூங்கப் போறதுக்கு முன்ன தண்ணி ஊத்தி, சாம்பலக் கிளறி, மறுபடி ஊத்துங்க.

குரங்கு இருக்கு. பிஸ்கட்டு, பழம் எதையும் டெண்ட்ல வெக்காதீங்க, கார் டிக்கில போட்டுப் பூட்டுங்க, ஜிப்பு அதுங்களுக்கு ஒரு விஷயமே இல்ல.

மறுநாள் ஏலகிரிலயே இருக்கற சாமிமலை ஏறணும்னா மங்களம் கிராமத்துலேர்ந்து வெயிலுக்கு முன்ன கெளம்புங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. ஈர டெண்ட்ட அப்படியே சுருட்டி வெச்சிடாதீங்க, வீட்டுக்கு வந்து மொட்டை மாடில ஒரு மணி நேரம் போடுங்க, வேலூர் வெயிலு அதுக்காவது உதவட்டும்.