முதல் மெத்தை: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே சொந்தக்காரர் யாராவது கூப்பிட்டு, "தெரிஞ்ச ஆக்கள் வீடு மாறினம், நல்ல மெத்தை ஒண்டு சும்மா குடுக்கினமாம், பின்னேரம் வானோட வாறன்" என்பார். அன்பில் சொல்வதுதான். ஆனாலும் அந்த மெத்தையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேசை, கதிரை, சட்டி, குளிர் அங்கி எல்லாவற்றையும் பழையதாக வாங்கலாம், நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். மெத்தை ஒன்றை மட்டும் புதிதாக வாங்குங்கள். காரணம் மூட்டைப்பூச்சி.

நாங்கள் கார்த்திகை மாதம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டுக்குக் குடிவந்தோம். கிடைத்த மெத்தை பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. மூன்றாம் கிழமை மகளின் கையில் வரிசையாகத் தடிப்புகள். நுளம்புக்கடி என்று எண்ணி எண்ணெய் பூசினோம். இந்தக் குளிரில் நுளம்பு இருக்காது என்று சொல்லித்தர அருகில் ஒருவரும் இல்லை. மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பேனா மை சொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள், உரித்துப் போட்ட தோல்கள், அப்பிள் விதையளவில் தட்டையான பூச்சிகள். சும்மா வந்த மெத்தையோடு, காசு கொடுத்து வாங்கிய சோபாவையும் எறிந்தோம். வீட்டிலிருந்த துணி முழுவதையும் மூட்டை மூட்டையாகக் கட்டிச் சலவைக்கடைக்குக் கொண்டுபோனோம். அதைவிடப் பாரமாக இருந்தது வெட்கம். ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அதனால் இரண்டு மாதம் வீணாயிற்று.

அந்த வெட்கம் உங்களுக்கு வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன். மூட்டைப்பூச்சிக்கு வீட்டுத் துப்புரவு ஒரு பொருட்டே இல்லை. மனிதர் படுக்கும் இடம் இருந்தால் போதும். அது நோயைப் பரப்புவதாகவும் அறியப்படவில்லை. ஒன்ராறியோவில் வாடகை வீட்டைப் பூச்சியில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கண்டவுடனே படம் எடுங்கள், திகதி போட்டு எழுத்தில் அறிவியுங்கள். குறுஞ்செய்தியாக இருந்தாலும் சரி, மின்னஞ்சலாக இருந்தாலும் சரி, வாயால் மட்டும் சொல்லாதீர்கள். அவர் அசையாவிட்டால் ரொறன்ரோ மாநகரத்தின் 311 இலக்கத்தை அழையுங்கள். கடையில் வாங்கும் மருந்தை நீங்களாகவே விசிறினால் பூச்சி சுவருக்குள் ஓடி ஒளிந்து அடுத்த அறைக்குப் போய்விடும். துணிகளை உலர்த்தியில் உச்சச் சூட்டில் அரை மணித்தியாலம் சுழலவிட்டால் பூச்சியும் முட்டையும் சாகும்.

"ஆறு மாதம் கராஜில சும்மா கிடந்த மெத்தை, ஒண்டும் இருக்காது" என்று சொல்வார்கள். இரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி அது. குப்பை நாளில் தெருவோரம் வைத்திருக்கும் மெத்தை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கையில் காசு இல்லை என்றால் முதல் மாதத்துக்குப் புதிய காற்று மெத்தை ஒன்று போதும். மடிக்கும் ஃபோம் மெத்தையும் நல்லது, பிறகு விருந்தாளிகளுக்கு உதவும். அகதிக் கோரிக்கையாளராக வந்தவர்களும் தங்குமிடத்திலிருந்து வீடு மாறுபவர்களும் உங்கள் குடியமர்வு உதவியாளரிடம் 'பர்னிச்சர் பாங்க்' பற்றிக் கேளுங்கள். 1998 முதல் ரொறன்ரோவில் வீட்டுத் தளபாடங்கள் கொடுத்துவரும் தொண்டு நிறுவனம் அது. நேராகப் போய்க் கேட்டால் நடக்காது, ஓர் அமைப்பின் பரிந்துரை வேண்டும்.

கடைக்குப் போகுமுன் அளவு நாடா

இங்கே மெத்தை பெரும்பாலும் நான்கு அளவில் வரும், எல்லாம் அங்குலக் கணக்கு. ட்வின் 38க்கு 75, டபிள் 54க்கு 75, குயின் 60க்கு 80, கிங் 76க்கு 80. கடைக்குக் கடை ஓரிரு அங்குலம் கூடிக் குறையலாம். 'டபிள்' என்ற பெயரைப் பார்த்து இரண்டு பேருக்கு என்று வாங்காதீர்கள். ஆளுக்கு 27 அங்குலம்தான் வரும், அது ஒரு கைக்குழந்தைத் தொட்டில் மெத்தையின் அகலம். கணவன் மனைவிக்குக் குயின்தான் சரி. அறை சின்னது என்றால் கட்டிலைச் சுற்றி நடக்க இரண்டடி விட்டு, மிச்சத்தை நிலத்தில் கயிறு போட்டு அளந்து பாருங்கள்.

அறையைவிட முக்கியம் படிக்கட்டு. பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் படிகள் பெரும்பாலும் ஒடுக்கம், நடுவில் ஒரு திருப்பமும் இருக்கும். மெத்தை வளைந்து கொடுக்கும். அதற்குக் கீழே வைக்கும் பொக்ஸ் ஸ்பிரிங் மரச்சட்டம், வளையாது. குயின் அளவு பொக்ஸ் ஸ்பிரிங் வாசல்வரை வந்து, கூரையில் முட்டி, திரும்பிப் போனதை நான் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றால் இரண்டு பாதியாக வரும் 'ஸ்பிளிட்' வகையைக் கேளுங்கள். பலகைச் சட்டங்கள் உள்ள கட்டில் வாங்கினால் பொக்ஸ் ஸ்பிரிங்கே தேவையில்லை. சட்டங்களுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, இருந்தால் ஃபோம் அதற்குள் தொய்ந்துவிடும்.

கட்டில் வாங்காமல் மெத்தையை நிலத்தில் போட்டே காலம் தள்ளலாம் என்று தோன்றும். ஊரில் பன்பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அது இயல்புதான். ஆனால் பாயைக் காலையில் சுருட்டிவிடுவோம், மெத்தை அங்கேயே கிடக்கும். உடம்புச் சூட்டின் ஈரம் கீழே இறங்கி, குளிர்ந்த கொங்கிரீட் நிலத்தில் நீராகப் படிந்து, ஒரு குளிர்காலத்துக்குள் அடிப்பக்கம் கறுப்புப் பூஞ்சணம் பிடித்துவிடும். இழுப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. கட்டில் வரும்வரை தினமும் மெத்தையைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தி வையுங்கள்.

கடினமா, மெதுவா

நார் மெத்தையிலும் பாயிலும் வளர்ந்த எங்களுக்கு, கடினமாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடின மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. மல்லாந்து படுத்து, இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கடினம். நுழையவே இடமில்லை என்றால் மெதுமை கூடிவிட்டது. சரிந்து படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், குப்புறப் படுப்பவர்களுக்கு அமிழக்கூடாது.

கடையில் கட்டில் ஓரத்தில் இருந்து எழும்பிவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லாதீர்கள். சப்பாத்தைக் கழற்றி, குளிர் அங்கியைக் கழற்றி, நீங்கள் தூங்கும் பக்கமாகவே திரும்பி, பத்து நிமிடமாவது படுங்கள். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு பேர் படுக்கும் மெத்தை என்றால் இரண்டு பேரும் போங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதில் சுருக்கமாகச் சொல்வது இவ்வளவுதான். தனித்தனிப் பையில் சுருள் வைத்த 'பொக்கெற் கொயில்' காற்றோட்டம் உள்ளது, ஒருவர் புரண்டால் மற்றவருக்கு அதிகம் தெரியாது. மெமரி ஃபோம் உடம்பை ஏந்தும், ஆனால் சூடு பிடிக்கும். இறப்பர்ப் பாலில் செய்யும் லேட்டெக்ஸ் நீண்ட காலம் உழைக்கும், விலை கூட. பெட்டிக்குள் சுருட்டி வரும் ஃபோம் மெத்தை தை மாசிக் குளிரில் வந்தால் கல்லுப் போல இருக்கும். பழுதாகிவிட்டது என்று பயப்படாமல் சூடான அறையில் விரித்து ஒரு நாள், இரண்டு நாள் விடுங்கள். புது மணமும் அதற்குள் போய்விடும்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வரப்போகிறார்கள் என்றால் உயரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு அங்குல மெத்தையும் பொக்ஸ் ஸ்பிரிங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்தால் இரண்டடிக்கு மேல் போய்விடும். முழங்கால் வலியுள்ளவர் இரவில் இறங்கும்போது விழுவது அங்கேதான். கட்டில் ஓரத்தில் இருந்தால் பாதம் முழுவதும் நிலத்தில் பதிய வேண்டும். கைக்குழந்தைக்குத் தனித் தொட்டிலும் கடினமான மெத்தையும் வேண்டும். மெத்தைக்கும் தொட்டில் சட்டத்துக்கும் நடுவே 3 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. தலையணையும் கனத்த போர்வையும் உள்ளே வைக்காதீர்கள், அம்மம்மா சொன்னாலும்.

விலைச்சீட்டை நம்பாதீர்கள்

மெத்தைக் கடையில் '60 வீதம் கழிவு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டாம். கழிப்பதற்கு முந்திய விலைக்கு யாராவது அதை வாங்கினார்களா என்பதுதான் கேள்வி. பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் கனடாவின் போட்டிப் பணியகம் 2017இல் ஹட்சன்ஸ் பே என்ற பெருங்கடை நிறுவனத்தின் மீது இதைத்தான் குற்றமாகச் சாட்டியது. மெத்தைத் தொகுதிகளின் வழமையான விலையை மிகவும் ஏற்றிக் காட்டி, அதிலிருந்து பெரும் கழிவு தருவதாக விளம்பரம் செய்தது என்பது வழக்கு. 2019இல் அந்த நிறுவனம் 40 இலட்சம் டொலர் தண்டமும் 5 இலட்சம் டொலர் செலவுத்தொகையும் கட்ட உடன்பட்டது. ஆகவே வீதத்தைப் பார்க்காமல், கடைசியில் உங்கள் கையிலிருந்து போகும் தொகையை இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுங்கள். ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி மேலே வரும். 499 டொலர் என்பது 563.87 ஆகும், கொண்டுவந்து தரும் கூலி வேறு. விலை கேட்டுப் பேசுவது இங்கே மெத்தைக் கடையில் வழக்கம்தான். விலையைக் குறைக்காவிட்டால் கூலியையாவது, மெத்தை உறையையாவது சேர்த்துத் தரச்சொல்லுங்கள். கார்த்திகைக் கடைசியில் வரும் 'கறுப்பு வெள்ளி' (Black Friday), மார்கழி 26, நீண்ட வார இறுதிகளில் மலிவு வரும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது சில கிழமையில் வந்துவிடும்.

"ஒரு வருடத்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை" என்ற கடனில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். சில ஒப்பந்தங்களில், தவணை முடியுமுன் முழுவதும் கட்டாவிட்டால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். அந்த வட்டி 30 வீதத்தை ஒட்டியிருக்கும். வந்த வருடத்திலேயே கடன் வரலாறு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்ற பதிவு, கெட்டுப்போனால் அடுத்த வாடகை வீட்டுக்கும் அது தடையாகும்.

கடையில் வாங்கியதைப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் இல்லை, அது கடையின் விதியைப் பொறுத்தது. '100 இரவு படுத்துப் பாருங்கள்' என்றால் கேட்க வேண்டியவை இரண்டு. காசு திரும்புமா, அல்லது வேறு மெத்தைதானா? எடுத்துப்போகும் கூலி யாருடையது? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். சொன்ன திகதி கடந்து 30 நாளுக்குள்ளும் மெத்தை வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்கள் இரத்துச் செய்யலாம்.

மெத்தை வீட்டுக்கு வரும் அன்று, பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா என்று வானில் இருக்கும்போதே பாருங்கள். அதே வானில் மற்ற வீடுகளிலிருந்து ஏற்றிய பழைய மெத்தைகளும் கிடக்கலாம். கிழிந்திருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். நல்லது என்றால் முதல் இரவே நீர் புகாத உறையைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் ஒரு தேநீர்க் கறை போதும், உத்தரவாதம் செல்லாது என்பார்கள். ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டை வெட்டாதீர்கள். ரசீதைப் படம் எடுத்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள், கடைத் தாளில் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும்.