பணத்தைக் கண்டு ஒதுங்காமல் இருக்கப் பழகுதல்: மாதச் சம்பளக்காரர்களுக்கான தொடக்கநிலைச் செய்முறை

மாதத்தின் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கவே தயங்குகிறவர்கள் நம்மில் ஏராளம். மீதம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மனம் சோர்ந்துவிடும் என்று அஞ்சிப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போடத் தள்ளிப்போட அச்சம் வளர்கிறது. பணத்தைப் பற்றிய மனநிலையை முதலில் மாற்றிக்கொண்டால் பழக்கங்கள் தாமாகவே வந்துவிடும் என்று பலரும் அறிவுரை சொல்வதுண்டு. என் அனுபவத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. கணக்கைப் பார்க்கும் பழக்கம் முதலில் வருகிறது, மனம் அதன்பிறகுதான் மெல்ல அமைதியடைகிறது. ஆகவே, கீழே சொல்லப்போகும் படிகளைத் தொடங்க மன உறுதியோ கணக்கியல் அறிவோ தேவையில்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் ஓய்வான ஒரு மாலைப்பொழுதும் போதும்.

முதல் படி: இருப்பதையும் கொடுக்க வேண்டியதையும் எழுதுதல்

நோட்டின் இடப்பக்கத்தில் உங்களிடம் இருப்பவற்றை எழுதுங்கள்: வங்கி இருப்பு, கையிலுள்ள ரொக்கம், அஞ்சலகச் சேமிப்பு, வருங்கால வைப்பு நிதி, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, நகை. வலப்பக்கத்தில் கடன்களை எழுதுங்கள்: வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, அடகு வைத்த நகை, தவணையில் வாங்கிய கைப்பேசி, நண்பரிடம் வாங்கிய கைமாற்று. திரும்பச் செய்ய வேண்டிய மொய்யையும் விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் மொய் நோட்டு என்பது உண்மையான கடன் பதிவேடுதான். நமக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பதைப் பார்த்தாலே அடுத்த ஆண்டுகளின் செலவில் ஒரு பகுதி தெரிந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு கடனுக்கும் எதிரே ஆண்டு வட்டியை எழுதுங்கள். இந்த ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’ என்று மாதக் கணக்கில் பேசிப் பழகிவிட்டதால் அது எவ்வளவு பெரிய சுமை என்பது நம் காதில் ஏறுவதில்லை. நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று வட்டி என்றால் 36 சதவீதம். தண்டல் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்களுக்கு வசூலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய பணத்தை மறுநாளிலிருந்தே திருப்பத் தொடங்கிவிடுவதால், இதன் உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 சதவீதமாகிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற அதீத வட்டி முறைகளைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது என்பதையும் இவற்றில் சிக்கியிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ அண்மையில் வாங்கிய கடனாக இருந்தால் இந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் செலவாகிறது என்பதைக் கடன் கொடுப்பவரே ஒரு விவரத்தாளில் எழுதித் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்க் கடன்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. கையெழுத்திடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: ஒரு மாதம் செலவுகளை எழுதுதல் மட்டும்

இந்த மாதத்தில் எதையும் குறைக்க முயல வேண்டாம். தேநீருக்கும் பேருந்துக்கும் கொடுத்த ரொக்கம் உட்பட அன்றாடச் செலவுகளை இரவு படுக்கைக்குப் போகுமுன் எழுதி வந்தால் போதும். 2016-இல் யுபிஐ வந்த பிறகு பத்து ரூபாய்ச் செலவும் கைப்பேசி வழியாகவே நடக்கிறது. பர்ஸ் இளைப்பது கண்ணில் படாததால் செலவு செய்த உணர்வும் குறைந்துவிட்டது. ஆனால் அதே செயலியில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் தேதியோடு பதிவாகியிருப்பதால், எழுதும் வேலை முன்பைவிட எளிதாகியிருக்கிறது.

மாத முடிவில் செலவுகளைக் கூட்டிப் பார்க்கும்போது உங்களையோ வீட்டாரையோ குற்றம் சொல்லத் தோன்றும். அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் நோட்டை மூடிவிடுகிறார்கள். எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது மட்டுமே இந்த மாதத்தின் வேலை.

மூன்றாம் படி: சம்பள நாளன்றே எடுத்து வைத்தல்

செலவு போக மிஞ்சுவதைச் சேமிப்போம் என்று நினைத்தால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வரும் நாளிலோ மறுநாளோ, குறிப்பிட்ட ஒரு தொகை தானாகவே வேறொரு கணக்கிற்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்த இரண்டாவது கணக்கை யுபிஐ செயலியோடு இணைக்காதீர்கள். தொகை சிறிதாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அஞ்சலகத் தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயில்கூடத் தொடங்கலாம். மூன்று மாதம் சிரமமின்றிக் கட்டிய பிறகு தொகையைக் கூட்டுங்கள். முதல் மாதமே ஐயாயிரம் என்று வைராக்கியத்தோடு தொடங்கி, இருபதாம் தேதி அதையே திரும்ப எடுத்துவிட்டால், ‘நம்மால் முடியாது’ என்ற எண்ணம்தான் உறுதிப்படும்.

நான்காம் படி: ‘எதிர்பாராத’ செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்தல்

நம் குடும்பங்களைக் கடனில் தள்ளும் செலவுகளில் பெரும்பகுதி எதிர்பாராதவை அல்ல என்பதே என் உறுதியான கருத்து. ஜூனில் பள்ளி திறக்கும், ஐப்பசியில் தீபாவளி வரும், வண்டியின் காப்பீடு அதே தேதியில் முடியும், ஊர்க் கோயிலில் கொடை வரும், தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகள் வரும். இவை எல்லாமே ஓராண்டுக்கு முன்பே நமக்குத் தெரிந்தவை. மாதக் கணக்கில் மட்டும் யோசிப்பதால் ஒவ்வொன்றும் இடி விழுந்ததுபோல் வந்து சேர்கிறது, அந்த நேரத்தில் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

மாதம் 28,000 ரூபாய் கைக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் 24,000 ரூபாய். தீபாவளிக்குத் துணிமணி, பலகாரம் என்று 12,000. வண்டிக் காப்பீடும் சர்வீசும் 4,000. மொய்யும் சீரும் 14,000. ஊர்த் திருவிழாவுக்குப் போய்வர 6,000. மொத்தம் 60,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. அப்படியானால், இந்தக் குடும்பத்தின் உண்மையான மாத வருமானம் 28,000 அல்ல, 23,000 ரூபாய்தான். வாடகையும் மளிகையும் தவணையும் அந்த 23,000-க்குள் அடங்க வேண்டும். இந்த எண்ணை முதன்முறையாகப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இத்தனை காலமும் கணவனோ மனைவியோ ஊதாரி என்று நினைத்துச் சண்டையிட்டதற்குக் காரணம், கணக்கில் வராத இந்த ஐயாயிரம்தான் என்பது அப்போது தெரியவரும்.

உங்கள் வீட்டுக்கான பட்டியலைச் சென்ற ஆண்டின் வங்கிக் கணக்கைப் பார்த்து எழுதுங்கள், நினைவை நம்பாதீர்கள். முழுத் தொகையையும் ஒதுக்க முடியாவிட்டால் பள்ளிக் கட்டணத்தை மட்டுமாவது முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கடனை வட்டி வரிசையில் அடைத்தல்

முதல் படியில் எழுதிய ஆண்டு வட்டி இப்போது உதவும். எல்லாக் கடன்களுக்கும் கட்ட வேண்டிய தவணையைக் கட்டிவிட்டு, மீதமாகும் பணத்தை அதிக வட்டியுள்ள கடனுக்கே செலுத்துங்கள். கிரெடிட் கார்டு பாக்கி பெரும்பாலும் இந்த வரிசையின் மேலே இருக்கும். 40,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 1,400 ரூபாய், அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய், ஆக 1,652. குறைந்தபட்சத் தொகை என்று 2,000 ரூபாயை மட்டும் கட்டினால், கடன் குறைவது வெறும் 348 ரூபாய்.

சீட்டுக் கட்டுபவர்கள், அது பதிவு செய்யப்பட்ட சீட்டுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தெரிந்தவர், நல்லவர் என்ற நம்பிக்கையில் பதிவில்லாத சீட்டில் பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னர் முறையிட வழியில்லாமல் தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. தொடக்க மாதங்களிலேயே தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து ஏலத்தில் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. உங்களுக்கு அது எதுவாக இருக்கப்போகிறது என்பதைச் சேரும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: அவசரத்துக்கென ஒரு தொகை

மூன்று மாதச் செலவுக்கான பணம் எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். வேலை போனாலோ, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலோ இதைத் தொடலாம். தள்ளுபடி விற்பனைக்குத் தொடக்கூடாது. வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு இருப்பதால், இந்தப் பணத்துக்கு அதிக வட்டி தேடி அலைய வேண்டாம். பங்குச் சந்தை, பரஸ்பர நிதி பற்றிய பேச்சையெல்லாம் இந்தப் படி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: வீட்டில் பேசுதல்

மாதம் ஒருமுறை, சம்பளம் வந்த வாரத்தில், கணவனும் மனைவியும் நோட்டை நடுவில் வைத்து அரைமணி நேரம் உட்காருங்கள். சம்பாதிப்பவர் ஒருவராக இருந்தாலும் கணக்கு இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்குகளுக்கும் காப்பீட்டுக்கும் நியமனதாரர் (நாமினி) பெயர் சரியாக இருக்கிறதா என்று முதல் மாதமே பார்த்துவிடுங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் பழைய பெயரே தொடர்வது மிகச் சாதாரணமாக நடப்பது.

உறவினர் பணம் கேட்டாலோ, ஜாமீன் கையெழுத்துக் கேட்டாலோ, இந்த மாதக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ‘வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்ற பதிலில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. ஆகவே, அந்தத் தொகையை உங்கள் நோட்டின் வலப்பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதை நீங்களே கட்ட நேர்ந்தால் எத்தனை மாதச் சேமிப்பு போகும் என்று இருவரும் கணக்கிட்ட பிறகு பதில் சொல்லுங்கள்.